பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து தந்தவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

கொட்டாஞ்சேனையில் எங்கள் அப்பப்பா கட்டிய, கீழே ஒரு கடையறையும் மேலே குடியிருப்புமாக அமைந்த வீடு, பதினெட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பின் இவ்வாண்டு தை மாதத்தில் பால் காய்ச்சிக் குடிபுகும் நிலைக்கு வந்தது. அதற்குத் துணைநின்ற ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்வதே முறை. உங்களில் பலர் கடல் கடந்து வாழ்வதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வீடு ஏன் பூட்டப்பட்டது என்பதை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1983 ஆடிக் கலவரத்தின் பின் அப்பாவின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போனார்கள். அப்பம்மா கண்மூடியதும் வீடு ஏழு பேருக்கும் பிரிக்கப்படாத பங்காக வந்து சேர்ந்தது. வாடகைக்கு விட்டால் இருப்பவரை எழுப்ப முடியாது என்ற அச்சம், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தோடு வாழ்ந்து பழகிய எங்கள் பெரியவர்களின் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. விற்க ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் மறுப்பார். திருத்த ஒருவர் காசு போட்டால் அதன் பலன் ஏழு பங்காகப் பிரியும். ஆகவே எவரும் கைவைக்கவில்லை. மழையும் கறையானும் உள்ளே புகுந்தன.

முதல் நன்றி, அயர்லாந்தில் வாழும் எங்கள் பெரிய மாமியின் மகனுக்கு. அங்கு ஒரு சிறு பட்டினத்தின் கடைத்தெருவில் ஆளில்லாமல் நின்ற வீட்டை அவர் அரசாங்க மானியத்தோடு திருத்திக் குடியேறியவர். நகர மையங்களில் மறுபடியும் மக்களைக் குடியிருத்த வேண்டும் என்ற கொள்கையை அந்நாட்டு அரசு 2022 பெப்ரவரியில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலையில் பட்டினங்களிலும் கிராமங்களிலும் உள்ள வெற்று வீடுகளுக்கென இந்த மானியத்தைத் தொடங்கியது. நவம்பரில் அது மாநகரங்களுக்கும் நாட்டுப்புறத்துக்கும் விரிந்தது. 2023 மே மாதம் முதல் வெற்று வீட்டுக்கு 50,000 யூரோ வரையும், பாழடைந்த வீட்டுக்கு 70,000 யூரோ வரையும் கிடைக்கிறது. வீடு 2007ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாவது ஆளில்லாமல் இருந்ததை மின்சாரப் பட்டியல் போன்ற சான்றுகளால் காட்ட வேண்டும். மானியம் பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் முழுத் தொகையையும், ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் விற்றால் 75 சதவீதத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

அவர் எங்களுக்கு அனுப்பியது பணம் மட்டுமல்ல. தம் விண்ணப்பக் கோவையை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படமெடுத்து அனுப்பினார். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே விலை குறித்த மதிப்பீடு, வேலை தொடங்குமுன் பெற வேண்டிய ஒப்புதல், முடிந்த பின் உள்ளூராட்சி மன்றத்தார் வந்து பார்க்கும் முறை எல்லாம் அதில் இருந்தன. அங்கு வெற்று வீடுகளுக்கென்றே மன்றத்தில் ஓர் அலுவலர் இருக்கிறார்; ஐயம் எழுந்தபோதெல்லாம் பதில் சொல்ல அவர் இருந்தது தொகைக்கு நிகரான உதவி என்று மாமியின் மகன் எழுதியிருந்தார். அதை வாசித்த இரவில்தான் எனக்கு வழி தெரிந்தது. நமக்கு மானியம் தர அரசு இல்லாவிட்டாலும், மானியத்தின் ஒழுங்கை நாமே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? ஏழு குடும்பங்களும் ஒரு பொது நிதி போட்டோம். பத்து ஆண்டுகளுக்குள் வீடு விற்கப்பட்டால், திருத்தச் செலவு முதலில் நிதிக்குத் திரும்பிய பின்னரே பங்கு பிரியும் என்று நொத்தாரிசு முன் எழுதிக்கொண்டோம். பதினெட்டு ஆண்டுகள் அவிழாத முடிச்சு அந்த ஒரு பத்தியில் அவிழ்ந்தது. கட்டணம் வாங்காமல் அதை எழுதித் தந்த நொத்தாரிசு அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

அடுத்த தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஐயா, மூன்று சனிக்கிழமைகள் வந்து அறை அறையாக அளந்து மதிப்பீடு தயாரித்தார். முகட்டு வளையில் ஓர் ஆணியை வைத்து விரலால் அழுத்தினார். ஈரமண்ணில் இறங்குவதுபோல் அது உள்ளே போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த வரியில் புதிய மரத்தின் விலையைக் குறித்தார்.

அயர்லாந்து முறையில் ஒன்றை மட்டும் நாங்கள் மாற்றினோம். அங்கு வேலை முடிந்து, பார்வையிட்ட பின்னரே மானியம் கைக்கு வரும். மாமியின் மகனும் வங்கிக் கடனில்தான் வேலையை முடித்தார். முன்கூட்டிப் பணம் புரட்ட முடியாதவருக்கு அத்தகைய மானியம் எட்டாது. இது அந்த நல்ல திட்டத்தின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே நாங்கள் மூன்று கட்டமாகப் பணம் விட்டோம். அப்படியிருந்தும், முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர் ஓடுகளை இறக்கிவிட்டு, முதற்கட்டப் பணத்தோடு வராமற்போனார். மழைக்கு இரண்டு நாள் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் தங்கள் தறப்பாள்களைக் கொண்டுவந்து, தாங்களே மேலே ஏறிக் கட்டினார்கள். சந்தியிலுள்ள ஹார்ட்வெயார் கடை முதலாளி, அடுத்த கட்டப் பணம் வரும்வரை சீமெந்தையும் கம்பியையும் கடனாகத் தந்தார். இவ்விரு வீட்டாரும் இல்லையென்றால் சுவரும் போயிருக்கும்.

பின்னர் வந்த மேசனார் ஹட்டனைச் சேர்ந்தவர். இறக்கிக் குவித்திருந்த மங்களூர் ஓடுகளை எறிய அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவி, காதருகே பிடித்து விரல்மொட்டால் தட்டினார். கணீரென்றால் ஒருபுறம், மந்தமாக ஒலித்தால் மறுபுறம். பாதிக்கு மேல் கணீரென்றன. எங்கள் தச்சாசாரியாரும் அவ்வாறே பலாமரக் கதவு நிலையில் கறையான் தின்ற அடிப்பகுதியை மட்டும் வெட்டி, புதிய பலாத் துண்டைப் பொருத்தினார். அப்பப்பா கைவைத்துத் திறந்த நிலை இன்றும் வாசலில் நிற்கிறது.

பழைய கட்டடத்தை மீட்பது கொழும்புக்குப் புதிதல்ல. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் கால வைத்தியசாலை 2011இல் கடைகளும் உணவகங்களுமாக மறுபடி திறந்ததை நாம் கண்டோம். புறக்கோட்டையிலும் எங்கள் பகுதியிலும் கடைகளுக்கு மேலே இருண்டு கிடக்கும் மாடிகளுக்கும் ஒரு மானியமும், கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலரும் வேண்டும் என்று அதிகாரத்தில் உள்ளோரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆவணக் கோவையின் பிரதி, கேட்பவர் எவருக்கும் உண்டு.

கீழ்க் கடையறையில் இப்போது ஒரு தையற்காரர் இருக்கிறார். மேலே என் மகள் குடும்பம். பற்றுச்சீட்டுகளோடு கணக்கு, சித்திரைக்கு முன் ஏழு வீட்டுக்கும் வந்து சேரும். தெருப்பக்க அறையை ஊரிலிருந்து வருபவர்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறோம். திறப்பு தையற்காரரிடம் இருக்கும்.

நன்றியுடன்,
அப்பப்பாவின் மூத்த பேத்தி, குடும்பத்தார் சார்பில்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13