முடிவு வருவதற்குள் பத்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகளையொட்டித் தாங்கள் வெளியிடும் படிப்பு வழிகாட்டிப் பக்கங்களைச் செட்டிநாட்டு ஊர்களில் பிள்ளைகள் வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்பதற்கு அவை போதும். 'நான் எதற்கு லாயக்கு? என் இடம் எது?' என்று கேட்கும் பிள்ளைக்கு அவற்றில் பதில் இல்லை. அறைக்குள் உட்கார்ந்து யோசித்தால் அந்தக் கேள்வி தீராது. வேலை நடக்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும். அதற்குக் காலமும் கையில் இருக்கிறது. தேர்வு வழக்கமாக மார்ச் கடைசியில் முடிகிறது, முடிவு மே மாதம் வருகிறது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் சும்மா போகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிய சங்கதி அல்ல. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நகரத்தார் வீட்டுப் பையன் முதல் நாளே மேலாளாக, அதாவது கடையின் பொறுப்பாளராக, உட்காரவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதப் பழகி, மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாகி, அதற்குப் பிறகுதான் மேலே வந்தான். ஒரு தடவை போனால் 3 வருஷக் கணக்கு. கணக்கு முடிந்ததும் ஐந்தொகை எனும் இருப்புக் கணக்கை எடுத்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பலாம். பையனின் விருப்பத்தைக் கேட்டவர்கள் அன்று குறைவு. அதை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. இத்தனை நாள் என்று தவணை வைத்து ஒரு வேலையில் இருந்து பார்ப்பது, அன்றாடம் கணக்கு எழுதுவது, இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் கணக்கு. 40 பக்க நோட்டு ஒன்று. தினம் ராத்திரி படுக்கும் முன் மூன்று பத்தி: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், முடித்தபோது எப்படி இருந்தது. 30 நாள் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தை மொத்தமாக எழுதினால் நோட்டு கெட்டுவிடும், ஏனென்றால் ஞாபகத்தில் நிற்பது சண்டையும் சந்தோஷமும்தான். சாதாரண நேரம் மறந்துபோகும். அப்பா படிப்பார் என்று தெரிந்தாலும் கெட்டுவிடும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்கக் கூடாது. முப்பதாம் நாள், நேரம் போனதே தெரியாத வேலைகளை வட்டமிடச் சொல்லுங்கள். 'கணக்குப் பாடம் பிடிக்கும்' என்று சொன்ன பிள்ளையின் வட்டங்கள் எல்லாம் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நேரத்தில் விழலாம். இரண்டும் வேறு வேறு தொழிலுக்குக் கொண்டுபோகும்.

அடுத்து பத்து வேலை நாள். ஒரே இடம், கடை திறக்கும் முன் போய் அடைக்கும் வரை இருக்க வேண்டும். தெரிந்தவர் வழியாகப் பெற்றோரே நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒரு நாள் போய்ப் பார்ப்பது போதாது, அன்றைக்கு விருந்தாளி மாதிரி நல்லதை மட்டும் காட்டுவார்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிப் பூக்கல் போடும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் அச்சின் அறை அறையாக ஊற்றி, அச்சைக் கோணாமல் நேராகத் தூக்க வேண்டும். குழம்பு நீர்த்திருந்தாலோ கை சாய்ந்தாலோ சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன் மேல் மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவுகிறார்கள். அது நிறத்தின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தூவாமல் ஈரக் கலவையை வைத்தால் பூ கலைந்துபோகும். பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பது நிறம் ஊற்றுவதை. பத்து நாள் நிற்கிற பிள்ளைக்குத்தான் மணல் சலிப்பதும், ஒவ்வொரு தட்டையும் துடைத்துத் துடைத்து வைப்பதும் கண்ணில் படும். தட்டில் ஒட்டிய ஒரு பொடி, கல்லின் முகத்தில் பள்ளமாக நின்றுவிடும். அந்தத் துடைக்கிற வேலை எரிச்சலாக இல்லை என்றால் தொழில் ஒத்துவரும் என்று நம்பலாம். கணினி, செவிலியர் பணி, வக்கீல் தொழில் எதுவானாலும், அதன் அலுப்பான பகுதியைத் தாங்க முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

அந்தப் பத்து நாளுக்குள் மூன்று பேரிடம் பேச வேண்டும்: வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆனவர், பத்து வருஷம் ஆனவர், விட்டுப் போனவர். 'வேலை நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்பார்கள். 'நேத்து காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க அண்ணே?' என்று கேட்க வேண்டும். விட்டுப் போனவரைப் பலர் தேடுவதில்லை, அவரிடம்தான் விஷயம் இருக்கும்.

காரைக்குடியில் சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது. அதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். உள்ளே ஒரு தொழில்நுட்பர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்பது பல பேருக்குத் தெரியாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் தறிக்குழியும் அப்படித்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பத்து நாள் எளிதில் கிடைப்பதில்லை, இது வருத்தமான உண்மை. இரண்டு தோழிகளைச் சேர்த்து அனுப்பலாம். பெண்கள் நடத்தும் இடமாக, கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைகிற வீடோ தணிக்கையாளர் அலுவலகமோ, முதலில் பார்க்கலாம். அனுப்பவே மாட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஊரிலேயே இருப்பதா, சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போவதா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வேலை எது என்று தெரிந்தபின் இடம் பாதி முடிவாகிவிடும். இப்போதே வேலையில் இருந்து மாற நினைக்கிறவர்கள் 6 மாத வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ராஜினாமா எழுத வேண்டாம். பணமுடை வந்தால் கிடைத்ததில் ஏறிக்கொள்ளத் தோன்றும், திரும்ப அதே இடம்.

இன்னொன்று. இரண்டு வாரமாக எதிலுமே நாட்டமில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது தொழில் குழப்பம் அல்ல. நோட்டைக் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும், மருத்துவ உதவி எண் 104-லும் தமிழில் பேசலாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்புப் பட்டியல் வரும் பக்கத்தில் அரைப் பத்தி ஒதுக்கி, வாரம் ஒரு தொழிலாளியின் ஒரு நாளைக் காலை முதல் மாலை வரை மணிக்கணக்கோடு வெளியிடுங்கள். சம்பளத்தையும் கை வலியையும் சேர்த்தே போடுங்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கும் தறிகளுக்கும் தங்கள் நிருபரை அழைத்துப்போக நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மாணவர் வழிகாட்டல் பணியில் உள்ள ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி