மூன்று துள்ளல்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் நான் ஓட்டிவந்த செஸ்னா 172 சிறு விமானம் தரையிறங்கும்போது மூக்குச் சக்கரம் ஒடிந்து ஓடுபாதையிலேயே படுத்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு சுளுக்கைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. உடன் வேறு யாரும் இல்லை. கவலைப்படாமல் மேலே படி.

பழியைக் காற்றின் மேல் போடத்தான் முதலில் மனம் தேடியது. ஆனால் அன்று வீசியது ஓடுபாதைக்கு நேரான 6 நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) எதிர்க்காற்று. அதைக் குற்றம் சொல்ல வழியில்லை. இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை முழுவதும் இறக்கியபின் 65 நாட் வேகத்தில் வரவேண்டிய விமானத்தை நான் 78 நாட்டில் கொண்டுவந்தேன். வேகம் 20 விழுக்காடு கூடினால் இயக்க ஆற்றல் 44 விழுக்காடு கூடும் என்பது நாம் பள்ளியிலேயே போட்ட கணக்குதான். அந்த ஆற்றல் கரையும்வரை விமானம் தரையில் உட்காராது. போதாக்குறைக்கு, தரையை நெருங்க நெருங்க இழுவிசை குறைவதால் அது இன்னும் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை அடியில் நழுவிப்போவதைப் பார்த்துப் பொறுமையிழந்த நான், மூக்கை மெல்லத் தூக்கிக் காத்திருக்க வேண்டிய நேரத்தில், விமானத்தை வலிந்து தரையில் அழுத்தினேன்.

மூக்குச் சக்கரம் முதலில் மோத, விமானம் எழும்பியது. மேலே போன மூக்கைக் கண்டதும் என் கை தானாக, மூக்கை ஏற்றி இறக்கும் பிடியான யோக்கை முன்னே தள்ளியது. முன்னைவிட வலுவாக விழுந்து, முன்னைவிட உயரமாக எழுந்தது. நான் திருத்தமென்று செய்த ஒவ்வொன்றும் அரை நொடி பிந்திப் போய்ச் சேர்ந்ததால் அடுத்த துள்ளலுக்கே தீனியானது. மூன்றாம் முறை கண்ணாடி முழுக்க ஓடுபாதையின் வெள்ளைக் கோடு மட்டுமே தெரிந்தது. பிறகு ஒரு பெரிய மோதல், உலோகம் தாரில் இழுபடும் ஓசை. எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்த பிறகும் கருவிப் பலகையின் சுழலியான ஜைரோ மட்டும் உள்ளே சுழன்று மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

என்னை அதிகம் சுட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். மெக்கானிக் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குனிந்து புரொப்பெல்லரின் இரண்டு அலகுகளும் பின்னோக்கிச் சுருண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "த்ராட்டிலைத் திறக்கவே இல்லையா, சார்?" என்றார். எஞ்சின் விசையைக் கூட்டும் பிடிதான் த்ராட்டில். அதைத் திறந்து எஞ்சின் முழு விசையில் இருந்திருந்தால் அலகு நுனிகள் முன்னோக்கி வளைந்திருக்கும். இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறும் கோ-அரவுண்டுக்கு நான் முயலவே இல்லை என்பது என் அறிக்கைக்கு முன்பே அந்த உலோகத்தில் பதிவாகியிருந்தது. இப்போது எஞ்சினை முழுவதும் பிரித்துச் சோதிக்கிறார்கள். மூக்குச் சக்கரம் பொருந்தும், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்பான ஃபயர்வாலும் நெளிந்துவிட்டது.

முதல் துள்ளலிலேயே முழு விசை கொடுத்து மேலேறியிருந்தால் இன்னொரு சுற்று வந்து இறங்கியிருப்பேன். எதிரே தேவைக்கு மேல் ஓடுபாதை கிடந்தது. இறங்கித்தான் தீருவேன் என்று எப்போது முடிவு செய்தேனோ, அப்போதே த்ராட்டில் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அந்த மறதியைத்தான் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரம் பயிற்றுநருடன் மறுபடி ஏறுகிறேன். முதல் நாள் தரையிறக்கமே வேண்டாம், கோ-அரவுண்ட் மட்டும் போதும் என்று கேட்டிருக்கிறேன். உன் பழைய துள்ளல் கதையை அன்று சிரித்துக்கொண்டே கேட்டேன். உன் கை அப்போது எங்கே இருந்தது என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்