சின்னம்மாவின் நூறு ரூபா

பண்டாரவளை

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு வாரமாக மழை, கெமரா லென்சில் பூஞ்சணம் பிடிக்காமல் அரிசிப் பேணிக்குள் வைத்திருக்கிறேன்.

போன மாதம் அப்புத்தளைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கல்யாணப் படமெடுக்கப் போனேன். வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு எங்கள் சின்னம்மா! நெற்றியில் கூடைக் கயிறு, கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், இடுப்பில் சுற்றிய, ஒட்டுப் போட்ட படங்குத் துணி. அன்று இரவே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சின்னம்மாவிடம் சொன்னேன். "ஆமா, ஒரு வெள்ளைக்காரன் எடுத்தான், நூறு ரூபா குடுத்தான்" என்றார். அப்புறம் மெதுவாக, "கிழிஞ்ச படங்கோடயா மாட்டியிருக்கான்? புதுசு வீட்டுல இருந்துச்சே" என்றார்.

நீ எழுதிய ஜேர்மன் சட்டத்தை அப்போதுதான் நினைத்தேன். 1898இல் ஜேர்மனியின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் இறந்த இரவு போட்டோக்காரர்கள் இருவர் அறைக்குள் புகுந்து பிணத்தைப் படமெடுத்தார்கள், அந்தக் கொதிப்பில் வந்தது 1907ஆம் ஆண்டுச் சட்டம் என்றாய். சம்மதமில்லாமல் ஒருவர் படத்தைப் பரப்பவோ பொதுவில் காட்டவோ கூடாது. நல்லதுதான். ஆனால் படத்துக்கு நின்றவர் கூலி வாங்கியிருந்தால், சந்தேகம் வரும் இடத்தில் சம்மதித்ததாகவே கொள்ளலாமாம். சின்னம்மாவின் நூறு ரூபா அங்கே கூலியாகிவிடுமா? இயற்கைக் காட்சியில் சும்மா துணைக்கு நிற்பவரிடம் கேட்கவும் வேண்டாமாம். தேயிலை மலையில் எங்கள் ஆட்களை எல்லோரும் அப்படித்தானே பார்க்கிறார்கள்!

ஹங்கேரியில் 2014 முதல் படம் எடுப்பதற்கே சம்மதம் வேண்டும் என்றாயே, அது எனக்குச் சரிவரவில்லை. கோச்சி ஜன்னலில் வாய் பிளந்து தூங்கும் கிழவரை எழுப்பி, "ஐயா, எடுக்கட்டுமா?" என்றால் அப்புறம் எதை எடுப்பது? எடுத்தபின் காட்டிக் கேட்கலாம். அதையும் நான் செய்ததில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எடுத்த முகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, ஒருவரிடமும் கேட்டதில்லை. அந்த வெள்ளைக்காரனாவது நூறு ரூபா கொடுத்தான்.

நம் நாட்டிலும் 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் நிறைவேறியது. லயத்தில் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஹோட்டல் மேனேஜரிடம் சொன்னதற்கு, "அழகான படம்தானே தம்பி" என்று சிரித்தார்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். சின்னம்மா புதுப் படங்கு கட்டி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல விறைப்பாக நிற்கிறார். உனக்கு அனுப்பச் சம்மதம். பேஸ்புக்கில் போடக்கூடாதாம்.

அன்புடன்,
ரவி