5 கிலோ சிலிண்டர்

பாளையங்கோட்டை
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். கடிதத்தை ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேனே என்று யோசிக்காதே. வீட்டு விலாசம் எழுதியிருந்த டைரியை அப்பா எங்கோ வைத்துவிட்டார். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடுறேன்" என்ற மூன்றைத் தவிர வேறு பேசுவதில்லை. எழுதினால் முழுதும் படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ வைத்த தேங்காய்ப்பால் சொதியின் போட்டோ வந்தது. எதிர்வீட்டு டீச்சரிடம் காட்டினேன். "உங்க பையனா வச்சான்? சொதியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "திரிஞ்சிருக்கே" என்றார். நாற்பது வருஷம் சாப்பிட்டே பழகியவருக்குக் குறை கண்டுபிடிக்கச் சொல்லியா தரவேண்டும்?

பொங்கிக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருப்பாய். அதுதான் விஷயம். தேங்காய்ப்பாலில் எண்ணெய் பிரியாமல் இருப்பது அதிலுள்ள புரதத்தால்தானாம். கொதியும் புளிப்பும் சேர்ந்து வந்தால் புரதம் சுருண்டு, எண்ணெய் தனியே மிதந்துவிடும் என்று எதிர்வீட்டு டீச்சர் விளக்கினாள். அவள் அறிவியல் டீச்சர், சொல்லாமல் விடமாட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காயையும் கைப்பிடிப் பாசிப்பருப்பையும் மூன்றாம் பாலில் வேகவிடு. முருங்கைக்காயைக் கடைசியில் போடு, முதலிலேயே போட்டால் நார் நாராகிவிடும். பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதை இரண்டாம் பாலோடு ஊற்று. முதல் பால் ஊற்றியதும் தீயைக் குறைத்துவிட்டு அங்கேயே நில். போனை எடுக்காதே. ஓரத்தில் நுரை கட்டும்போது அணைத்துவிடு. பத்து நிமிஷம் கழித்து எலுமிச்சை. முதல் பால் கொதிக்கக்கூடாது, அதை மட்டும் மறக்காதே.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி சாப்பிட்டால் வயிறு மந்தமாகிவிடும். போட்டோவில் துவையலைக் காணோம். உன் மறுவீட்டில் இரண்டையும் வைத்தோமே. சித்திக்குத் தேங்காய் துருவித் துருவிக் கை வீங்கிவிட்டது. மாப்பிள்ளைச் சொதி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள். சரி, அது போகட்டும்.

ஹாபியாகச் சமைக்கிறேன் என்றாய். நல்லது. நான் செய்துகொண்டிருப்பதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. நாலரை மணிக்கு எழுந்து, இட்லி ஊற்றி, உங்கள் மூன்று பேருக்கும் டிபன் கட்டி, எட்டரை பஸ்ஸைப் பிடித்துப் போய் எட்டாம் வகுப்புக்குச் சதவீதக் கணக்கு நடத்தினேன். குத்திக்காட்டவில்லை. நீ கற்றுக்கொள்வது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த 5 கிலோ சிலிண்டர் எதற்கு? உங்கள் வீட்டில் பெரிய சிலிண்டர் இரண்டு இருந்ததே. சின்ன சிலிண்டருக்கு முகவரிச் சான்று வேண்டாமாம், அடையாள அட்டை இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே கொடுத்துவிடுவார்களாம். அக்கா சொன்னாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. காஸ் ஒரு மாதம் வருகிறது என்று நீயே சொன்னாய். எங்கள் இரண்டு பேருக்கு 14.2 கிலோ 50 நாள் வருகிறது. அந்தக் கணக்கில் 5 கிலோ இரண்டு பேருக்குப் 18 நாளைத் தாண்டாது. ஒரு மாதம் வருகிறதென்றால்... நீங்கள் வெளியிலும் சாப்பிடுவீர்கள், அதனால் வரலாம். கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறு வேலை இல்லை, விட்டுவிடு.

ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படு. காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும். வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திற. உங்கள் சமையலறையில் பெரிய ஜன்னல் உண்டு, எனக்குத் தெரியும். போட்டோவில் சுவர்தான் தெரிந்தது.

இட்லி மாவு புளிக்கவில்லை என்றும் சொன்னாய். பெங்களூர்க் குளிருக்கு எட்டு மணி நேரம் போதாது, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். மிக்ஸியில் உளுந்து சூடேறிவிடும், ஐஸ் தண்ணீர் தெளித்து அரை. உப்புப் போட்டுக் கையால் கரை, கரண்டியால் அல்ல. நம் வீட்டு அளவு ஒரு டம்ளர் உளுந்துக்கு நாலு டம்ளர் அரிசி. அவ்வளவு போட்டால் உனக்குப் பத்து நாளைக்கு மாவு கிடக்கும். கால் டம்ளருக்கு ஒரு டம்ளர் போதும். இரண்டு பேர் என்றால் அரை டம்ளருக்கு இரண்டு. எது தோதோ அதைப் போட்டுக்கொள்.

பத்து வயதில் தோசையைத் திருப்பிப் போடுகிறேன் என்று நீ வந்து நின்றாய். ஆம்பளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று விரட்டினேன். அதே வயதில் அக்கா சட்னி அரைத்துவைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அதை அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லட்டும்.

நான் எழுத உட்கார்ந்தது இதையெல்லாம் அல்ல.

போன ஐப்பசியில் உங்களோடு பதினோரு நாள் இருந்தேன் அல்லவா. அந்த வெள்ளிக்கிழமை மருமகள் ஆபீசுக்கு லீவு போட்டு, வீடியோ பார்த்து, எனக்காகச் சொதி வைத்தாள். அதுவும் இப்படித்தான் திரிந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு, "பரவால்லம்மா, எனக்குத் தயிர் போதும்" என்றேன். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, கேட்டால் நல்ல மாமியார் என்றே சொல்வார்கள். ஆனால் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். உன் ஆச்சியிடம் கற்றுக்கொண்ட குரல் அது. நீயும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாய். ராத்திரி அவள் அத்தனையையும் சிங்க்கில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

இப்போது நீ திரிந்த சொதியைப் படம் எடுத்து அனுப்புகிறாய். "பரவாயில்லடா, முதல் தடவை எல்லாருக்கும் திரியும்" என்று உடனே பதில் போட்டேன். போட்டபிறகுதான் உறைத்தது. மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. இரண்டுக்கும் ஒரே தவறு, ஒரே எலுமிச்சம்பழம்.

இன்னொன்று. ஆச்சி ஆறு வருஷம் என்னைத் தொடவிடாமல் வைத்திருந்த கல்சட்டியை அந்தப் பயணத்தில் கொண்டுவந்திருந்தேன், அவளுக்குக் கொடுக்கலாம் என்று. பழைய புடவையில் சுற்றிப் பைக்குள் இருந்தது. பதினோரு நாளும் பையைவிட்டு எடுக்கவில்லை. திரும்ப நாகர்கோவில் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அப்பா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் எதைத்தான் கேட்டார்.

உங்கள் இருவருக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவேண்டாம். வேலை, அலைச்சல், ஆயிரம் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. போட்டோவில் கை மெலிந்து தெரிகிறது. வாட்ச் தொங்குகிறது.

பருப்புப்பொடி அரைத்துவிட்டேன். மிளகாய்ப்பொடி நாளை. கால் கிலோ போடட்டுமா, அரைக் கிலோவா, எந்த விலாசத்துக்கு என்று இரண்டே வரி எழுது. கல்சட்டி கூரியரில் தாங்காது. அதை நேரில்தான் கொடுக்கவேண்டும். தை பிறந்ததும் டிக்கெட் போடலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்.

அம்மா

பி.கு: ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படு.