ஆளுக்கொரு கல்

அக்கா,

போனை எடுக்க மாட்டாய். இதைப் படிப்பாய் என்று தெரியும். நேற்று வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டேன். என்ன விலைக்கு என்று இங்கே எழுதவில்லை, சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு அயர்லாந்தில் நாம் போன டோனகல்தான் ஞாபகம். கிரீனான் கோட்டை. 244 மீட்டர் மலை என்றதும் கொடைக்கானல் பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. மேலே காற்று குடையைத் திருப்பிப் போட்டதும் சிரிப்பு போய்விட்டது. சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய வட்டச் சுவர், நாலரை மீட்டர் கனம். உள்பக்கப் படியேறி உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் ஸ்வில்லி, மறுபக்கம் ஃபாயில், இரண்டு கடற்கழிகளும் தெரிந்தன.

இறங்கும்போது கீழே கிடந்த ஒரு சில்லை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாய். பூஜை அலமாரிக்காம். நான் படித்ததை ஒப்பித்தேன்: 1101ல் மன்ஸ்டர் அரசன் இந்தக் கோட்டையை இடித்தபோது, வீரர்கள் ஆளுக்கொரு கல் தூக்கிப் போகவேண்டும் என்று உத்தரவிட்டானாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீடும் அப்படித்தானே ஆச்சு" என்றேன்.

நீ கல்லை வெளியே எடுத்தாய். எடுத்த இடத்தில் போடவில்லை. சுவரில் ஒரு இடுக்குத் தேடிச் செருகி, உள்ளங்கையால் அழுத்தினாய். அப்புறம் காரில் டீ ஊற்றினாய், என் கப்பில் மட்டும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. "அது பழைய சுவரே இல்லடா. 1870கள்ல டெர்ரி ஊர் டாக்டர் ஒருத்தர் எடுத்துக் கட்டினது" என்றாய். பேச்சை மாற்றுகிறாய் என்று நினைத்தேன்.

சொன்னது தப்புதான். ஆனால் வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனது யார்? நீ மாசம் தவறாமல் பணம் அனுப்பினாய், இல்லை என்று சொன்னால் பாவம். பணம் வந்து ஆட்டோவில் பக்கத்தில் உட்காருமா அக்கா?

இப்போதும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாய். "எதுக்குடா விக்கிறே" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதில் தயாராக வைத்திருந்தேன். நகை விஷயம் இங்கே வேண்டாம்.

சாவி கொடுக்கும் முன் கொல்லையிலிருந்து குழவியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அம்மியை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. மார்கழிக்குள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று வாங்கியவரிடம் சொல்லியிருக்கிறேன்.