தோ பாயோவிலிருந்து அப்பாவுக்கு

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று தவறாமல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறார்.

உங்கள் கடிதத்தில் எங்களைப் பற்றி நான்கு வரியும் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்தன. லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு, பராமரிப்புப் பணம் கட்டாதவரை என்ன செய்கிறார்கள், மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டில் ஒழுகினால் செலவு யார் தலையில் விழுகிறது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். காலனிச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தோடு இத்தனை ஆண்டுகளாக மல்லுக்கட்டும் உங்களுக்கு இந்தக் கேள்விகள் தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. நானும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

முதலில் பெரிய செய்தி. எங்கள் புளோக்கில் வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. தேர்தல் அல்ல, வீடுகளைப் பழுதுபார்க்கலாமா என்பதற்கான வாக்கெடுப்பு. இங்கே பழைய கட்டடங்களுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்றை 2007-ல் அறிவித்தார்கள். ஒரு புளோக்கில் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். சம்மதம் கிடைத்துவிட்டால் கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, பெயர்ந்த காரையைச் சரிசெய்வது போன்ற அத்தியாவசிய வேலைகள் எல்லா வீட்டிலும் நடந்தாக வேண்டும். குடிமக்களுக்கு அந்தச் செலவு முழுவதும் அரசாங்கத்துடையது. குளியலறையைப் புதுப்பிப்பது, வாசல் கதவை மாற்றுவது போன்றவை விருப்பம். அவற்றுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு வரை உரிமையாளர் கட்ட வேண்டும்.

வாடகைக்கு இருக்கும் எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் லிஃப்டில் ஏறினால் வேறு பேச்சே கிடையாது. எங்கள் தளத்தின் கோடி வீட்டுப் பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று உறுதியாக நின்றார். சொந்தக் காசைப் போட்டு அண்மையில்தான் குளியலறைக்கு ஓடு பதித்தாராம். அதை உடைப்பதைப் பார்க்க அவருக்கு மனம் இல்லை. அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் எங்கள் குளியலறையை நீங்கள் பார்க்க வேண்டும். கூரையில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. கம்பி முழுதும் செம்பழுப்பாக ஏடு ஏடாக உரிகிறது. காற்றும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே வெடிக்கச் செய்துவிடும். ஒரு காலை ஒரு துண்டு வாளிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு உங்கள் பேத்தியைத் தனியாகக் குளிக்க விடுவதில்லை. வாக்கெடுப்பு 75 விழுக்காட்டைத் தாண்டியது என்று தெரிந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

இந்தக் கட்டடங்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளைக் கட்டித் தரும் அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்ற இடத்தில் குடிசைப் பகுதி பற்றி எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு அவசர அவசரமாக மாடி வீடுகள் கட்டிக் கொடுத்ததிலிருந்துதான் மக்களுக்கு இந்தக் கழகத்தின் மேல் நம்பிக்கை வந்தது என்கிறார்கள். இன்று நாட்டில் வசிப்பவர்களில் 10-க்கு 8 பேர் அளவில் கழக வீடுகளில்தான் இருக்கிறார்கள். எங்கள் தோ பாயோ 1960-களின் நடுவில் உருவான நகரம். வீட்டை வாங்குகிறார்கள் என்றாலும் அது 99 ஆண்டுக் குத்தகைதான். நிலம் அரசாங்கத்துடையது.

இனி உங்கள் கேள்விகள். வீட்டுக்கு வெளியே உள்ள லிஃப்ட், படிக்கட்டு, தாழ்வாரம், விளக்கு, தோட்டம் எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களே மன்றத்தை நடத்துகிறார்கள். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் கட்டணம் உண்டு, சிறிய வீட்டுக்குக் குறைவு. கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும், கடைசியில் வழக்கு வரை போகலாம். உங்களுக்குப் பிடிக்கப் போவது இதுதான் அப்பா: வசூலாகும் பணத்தில் ஒரு பகுதியைத் தனி நிதியில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெள்ளையடிப்பதும் கூரையைச் செப்பனிடுவதும் அந்த நிதியிலிருந்து. லிஃப்ட் மாற்றுவதற்கென்று 2017 முதல் வேறொரு நிதியும் இருக்கிறது. லிஃப்ட் நின்ற பிறகு வீடு வீடாகப் போய்க் கையேந்தும் நிலை இங்கே இல்லை. நம் சங்கத்தில் நீங்கள் எத்தனை முறை சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத யோசனை, இங்கே சட்டமாக இருக்கிறது.

ஒழுகலுக்கு வருகிறேன். மேல்வீட்டுத் தரை கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் இருவருமே பொறுப்பு. கழகத்திடம் உதவி கேட்டு விண்ணப்பித்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதிப் பாதியை மேல்வீடும் கீழ்வீடும் சமமாகப் பகிர வேண்டும். கீழ்வீட்டுக்காரர் நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்பார்தான். ஆனால் யார் தவறு என்று பட்டிமன்றம் நடத்துவதற்குள் சுவர் ஊறிவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாழ்வாரம் எங்களுக்குக் கொஞ்சம் தொல்லை. தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் தப்பிக்க 1.2 மீட்டர் அகலம் வழி விட்டே ஆக வேண்டும். அடுத்த வீட்டு ஆன்ட்டியின் பூந்தொட்டிகள் அந்த அளவைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. போதாததற்கு எங்கள் புளோக்கின் அடியில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிவிட்டது. சிவப்பு என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் 10 பேருக்கோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டிருக்கிறது என்று பொருள். அதிகாரிகள் வீடு வீடாக வந்து தொட்டித் தட்டு, வாளி, துணி காயப்போடும் கழியைச் செருகும் குழாய் வரை டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். புழு கண்டால் அபராதம் நிச்சயம். நான் ஆன்ட்டியோடு சேர்ந்து எல்லாத் தட்டுகளையும் எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்தேன். சில வட்டாரங்களில் 2016 முதல் ஆண் கொசுக்களை வளர்த்து வெளியே விடுகிறார்கள். அவற்றின் உடலில் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் இருக்கும். அவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிப்பதும் இல்லை. அம்மா இதை நம்ப மாட்டார், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கீழ்வீட்டுப் பூனைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. கழக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல், உரிமம் எடுத்தால் வீட்டுக்கு இரண்டு பூனை வரை வளர்க்கலாம். பழைய பூனைகளுக்கு உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். கீழ்வீட்டு மலாய்க் குடும்பம் தங்கள் பூனையை முன்பெல்லாம் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே விடாது. இப்போது வலை அடித்து அதை ஜன்னலிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள். உங்கள் பேத்தி பள்ளிக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்து அதற்குக் கையசைத்துவிட்டுத்தான் போகிறாள்.

அந்தக் குடும்பத்து மூத்த மகளின் திருமணம் போன மாதம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. வீடுகள் இல்லாமல் தூண்களோடு திறந்து கிடக்கும் தளம் அது. அனுமதி வாங்கிப் பந்தல் போட்டு, ஊரையே அழைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் அதே இடத்தில் ஒரு சீனப் பெரியவரின் உடலை வைத்து இரவு முழுவதும் விழித்திருந்தார்கள். கல்யாணக்காரர்களில் பலர் அந்தத் துக்கத்துக்கும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை வீடு வரை வாங்கலாம் என்று 1989-லிருந்து வரம்பு இருக்கிறது. வீட்டை விற்க நினைப்பவருக்கு இது இடைஞ்சல் என்று குறை சொல்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனாலும் வந்த புதிதில் ஒரு முகமும் தெரியாத எனக்கு, இந்தக் கலப்பு நல்லதையே செய்திருக்கிறது.

இப்போது என் மனத்தில் இருப்பதை எழுதுகிறேன். எனக்குக் கவலை அடுத்த வீட்டு ஆன்ட்டியைப் பற்றித்தான். எண்பதை நெருங்குகிறார், தனியாக இருக்கிறார். மகள் ஜூரோங்கில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும்தான். முன்பு இந்தப் பழைய புளோக்குகளில் லிஃப்ட் சில தளங்களில் மட்டுமே நிற்குமாம். 2001-க்குப் பிறகு நடந்த மேம்பாட்டு வேலையில்தான் எல்லாத் தளத்திலும் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அது வராமல் இருந்திருந்தால் இவர் வெளியே இறங்குவதே கடினம். இப்போது நடக்கப்போகும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தோடு முதியவர்கள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், வழுக்காத தரையும் பெறலாம். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மகளிடம் காட்டி இரண்டையும் கேட்க வைத்துவிட்டேன்.

வேலை நடக்கும் பத்து நாளைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று பயந்தேன். குளியலறை மூடப்படும், தற்காலிகக் கழிப்பறை ஒன்று தருவார்கள். தூசியிலும் துளையிடும் சத்தத்திலும் அவர் எப்படி இருப்பார்? பிறகு அட்டவணையைப் பார்த்தேன். குழாய் மேலிருந்து கீழாக ஓடுவதால் ஒரே வரிசையில் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ள வீடுகளுக்கு ஒரே சமயத்தில் வேலை. பக்கத்து வீடு வேறு வரிசை. எங்கள் முறை முதலில், அவர் முறை அடுத்து. ஆகவே முதல் சுற்றில் நாங்கள் அவர் வீட்டில் குளிக்கிறோம், அடுத்த சுற்றில் அவர் பகலெல்லாம் எங்கள் வீட்டில். பேசி முடித்துவிட்டோம். கோடி வீட்டுப் பெரியவரும், வேண்டாம் என்று சொன்னவர், தன் வீட்டு மின்விசிறியைக் கொண்டுவந்து ஆன்ட்டிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: வெள்ளிக்கிழமைகளில் லோரோங் 8 என்ற தெருவில் இருக்கும் வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போகிறோம். இங்கே 1979-இல் கட்டிய டிராகன் வடிவ விளையாட்டிடம் ஒன்று இருக்கிறது. பேத்தி அந்த டிராகனின் தலையில் ஏறிவிட்டால் இறங்க மாட்டேன் என்கிறாள். வண்ண ஓடு பதித்த தலை, கீழே மணல். புகைப்படம் வைத்திருக்கிறேன்.

வேலை அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறது. இடிக்கும் வேலையை வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். அந்த நேரத்தில் அழைத்தால் ஒன்றும் கேட்காது. உங்கள் கடிகாரத்தில் இரண்டரை மணிக்கு மேல் அழையுங்கள். நாங்கள் எடுக்காவிட்டால் ஆன்ட்டி வீட்டில் இருப்போம், சற்றுப் பொறுத்து மறுபடி அழையுங்கள்.

உங்கள் அன்பு மகள்