மாலத்தீவுன்னா ரிசார்ட் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மாலத்தீவு பத்தி நம்ம பேப்பர்ல எப்ப பாத்தாலும் டூரிஸம், இல்லன்னா அரசியல்தான் வருது. எங்க தூத்துக்குடியில இருந்து தோணி காலங்காலமா அங்க சரக்கு ஏத்திட்டு போகுது, ஆனா அவங்க பாட்டு நமக்கு ஒண்ணுகூட தெரியாதுங்கறது ரொம்ப வருத்தமா இருக்கு சார்.

ஷலபீ இப்ராஹிம், உனூஷா, ஷிஃபா தவ்ஃபீக்னு எவ்ளோ நல்ல பின்னணிப் பாடகர்கள் இருக்காங்க. அவங்க தாய்மொழியான திவேஹி பேசுறவங்களே சில லட்சம் பேர்தான், அதுக்குள்ளயே சினிமா எடுத்து, பாட்டு போட்டு, கௌமீ ஃபிலிம் அவார்ட்ஸ்ல பின்னணிப் பாடகர், பாடகிக்கு தனித்தனியா விருதும் குடுக்குறாங்க, இவ்ளோ சின்ன மார்க்கெட்ல பாட்டையே நம்பி நிக்கிறது பெரிய விஷயம். இந்தி மெட்டுல திவேஹி வரிய போட்டு பாடுனதும் அங்க நிறைய உண்டு, அத நான் குறையா சொல்லல.

அவங்க தேசிய கீதத்தையே எடுத்துக்கோங்க. 1948ல இளைஞரா இருந்த கவிஞர் முகமது ஜமீல் தீதி, மாமா வீட்டு கடிகாரம் மணியடிக்கும்போது கேட்ட ஒரு ஸ்காட்லாந்து மெட்டுக்குதான் அந்த வரிகள எழுதுனாரு. அப்புறம் 1972ல எலிசபெத் ராணி வர்றாங்கன்னதும் இலங்கை இசையமைப்பாளர் அமரதேவா புது மெட்டு போட்டாரு, இன்னைக்கு பாடுறது அதுதான்.

ஞாயிறு மலர்ல இந்தப் பாடகர்கள் பத்தி ஒரு தொடர் போடுங்க சார், முதல்ல உனூஷால இருந்து ஆரம்பிங்க.

- ஒரு வாசகர், தூத்துக்குடி